கண்ணாடி பீடிங் மாட்டுவது சில்லறை வேலையா?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும். முழுசாக வாசியுங்கள்.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஆசை நம் பிள்ளைகள் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். தாத்தா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு தொழுவத்தில் கோழி அடைகிற இடமாகக் கிடப்பதைவிட ரோட்டில் ஓடுவது மேல். இஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் சீட்டுக்கும் கேட்டதைக் கொடுக்கிறீர்கள். முன் கண்ணாடியைச் சுற்றி ரப்பரும் குரோம் பீடிங்கும் மாட்டுகிற ஆளிடம் வந்ததும் மட்டும் கை மூடிக்கொள்கிறது. "ரெண்டு நாளு ரப்பர மாட்டுததுக்கு இம்புட்டு ரூவாயா?" இந்தக் கேள்வியை நம் கூட்டத்திலேயே மூன்று பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். மூன்று பேரும் ஒரு நாள்கூட அந்த ரப்பரைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் இல்லை.

ஹெரால்டு நம் மெட்ராஸில் செய்த வண்டி. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்தது; வடிவம் போட்டுக் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961இல் இங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்ய ஆரம்பித்தது. பிற்பாடு நாலு கதவு வைத்து ஒரு மாடல் விட்டார்கள், அது இங்கிலாந்திலேயே கிடையாது. இந்த வண்டிக்கு அடியில் தனி சேஸி உண்டு. மேல் உடம்பெல்லாம் போல்ட் போட்டு மாட்டியது. கூரையைக்கூட போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். அதனால்தான் இங்கிலாந்தில் 1960லேயே கூரை திறக்கிற மாடலையும் சுலபமாக விற்க முடிந்தது, நம் ஊரிலும் கூரையைக் கழற்றித் திறந்த காராக்குகிறார்கள். அப்படித் திறந்தபின் முன் கண்ணாடிச் சட்டம் தனியாக நிற்கும். பார்க்கிறவன் கண் முதலில் விழுவது அங்கேதான். மடக்குக் கூரை வந்து உட்கார வேண்டியதும் அந்தச் சட்டத்தின் மேல் விளிம்பில்தான். ரப்பர் ஓரிடத்தில் புடைத்திருந்தால் அங்கே மழை இறங்கும்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் சட்டத்தின் இரும்பு உதட்டில் ஒட்டியிருக்கிற பழைய பெயிண்ட், பழைய பசை, துரு எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும். நெளிவு இருந்தால் தட்டி நேராக்க வேண்டும். நெளிந்த உதட்டில் கண்ணாடியை அழுத்தினால் அந்த இடத்திலிருந்தே விரிசல் ஓடும். பிறகு ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி ஏற்ற வேண்டும். ரப்பரின் உள் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகி, இரண்டு நுனியும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டித் தொங்குமாறு விட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, வண்டிக்குள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வர வர ரப்பரின் உள் உதடு இரும்பைத் தாண்டி உள்ளே விழும். இரண்டு பேருக்கும் மூச்சு ஒன்றாக இருக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் ரப்பர் கிழியும், அவசரப்பட்டு அழுத்தினால் கண்ணாடி போகும். அதன் மூலை வளைவு கடைத்தெருவில் நினைத்த நேரம் கிடைக்கிற சாமானா?

இதற்குப் பிறகுதான் பீடிங். ரப்பரின் வெளிமுகத்தில் ஓடுகிற பள்ளத்தில் அது ஏற வேண்டும். பளபளப்புக்காக ஒட்டுகிற ஜிகினா என்று நினைக்கிறீர்கள். இந்த வகை ரப்பரில் பீடிங் ஆப்பு மாதிரி வேலை செய்கிறது. அது உள்ளே போனபிறகுதான் ரப்பர் விரிந்து, ஒரு பக்கம் கண்ணாடியையும் மறுபக்கம் இரும்பையும் இறுக்கிப் பிடிக்கும். நெல்லையப்பர் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை, ஆனால் தேர் அவர் நிறுத்துகிற இடத்தில்தான் நிற்கிறது; அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணி வைத்த ஒரு சின்னக் கருவியால் பள்ளத்தை விரித்துக்கொண்டே பீடிங்கை இறக்கிப் போவார்கள். பிளாஸ்டிக் பீடிங் என்றால் இழுத்து மாட்டக் கூடாது. இன்றைக்கு இழுத்தது ஒரு வெயில் காலத்தில் சுருங்கி, இணைப்பில் வாய் பிளந்துவிடும். உலோகம் என்றால் மூலையில் ஒரு மடிப்பு விழுந்தால் அவ்வளவுதான், அதை நிமிர்த்த முடியாது. பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் மாதிரி சில வண்டிகளுக்கு உலோகப் பட்டையை முன்னாலேயே ரப்பரில் ஏற்றிக்கொண்டுதான் கண்ணாடியையே தூக்க வேண்டும். எந்த வண்டிக்கு எது முதலில் என்று தெரிந்திருப்பதுதான் தொழில்.

"யூட்யூப்ல பத்து நிமிஷத்துல மாட்டுதான் சார்" என்று ஒருவன் எழுதியிருந்தான். வீடியோவில் வெட்டி எடுத்ததை எங்கே பார்க்கப் போகிறாய் தம்பி?

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன். யார் பெயரையும் போடப்போவதில்லை. நம்மில் ஒருவருடைய ஹெரால்டுக்கு இந்த வேலையைச் செய்தவனும் என்னிடம் படித்தவன்தான். எட்டாம் வகுப்போடு நின்று, பதினான்கு வயதில் டிங்கரிங் பட்டறைக்குப் போனவன். உதவிக்கு ஒரு பையனோடு இரண்டு நாள் வேலை செய்துவிட்டு 6,000 ரூபாய் கேட்டான். 3,000 கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பெயிண்டுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் செலவழித்த வீடு அது. பிறகு பின் கண்ணாடிக்கு அவனைக் கூப்பிடவில்லை. வேறு ஒருவர் வந்து சிலிக்கான் பிதுக்கி, மேலே குரோம் டேப்பை ஒட்டி, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். மலிவாக முடிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தின் ரசாயனத்தை அறிவியல் வாத்தியாராகச் சொல்ல வேண்டியது என் கடமை. பிதுக்கும்போது வினிகர் வாடை அடிக்கிறதா? அது அசிட்டிக் அமிலம். சாதாரண சிலிக்கான் இறுகும்போது அது வெளியேறும். இரும்புக்கு அது ஆகாது. டேப்புக்கு அடியில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உதட்டோரமாகத் தங்கித் துருவைக் கிளப்பும். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் பக்கத்து வண்டி எத்தனை நாள் நனைந்து நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். பிறகு சரிசெய்யலாம் என்று சிலிக்கானைச் சுரண்டினாலும் அதன் பிசுக்கு முழுசாகப் போகாது. புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக விலகும், பெயிண்டர்கள் மீன் கண் என்பார்கள். மிச்சம் பிடித்த 3,000 ரூபாய் அந்த ஒன்றரை லட்சத்துக்கு உலை வைக்கப்போகிறது.

பணம் போகட்டும். பத்தமடைப் பாய்க்கு விலை சொன்னால் இன்று யாரும் பேரம் பேசுவதில்லை. மெல்லிய பாய் ஒன்றை நெய்ய வாரக்கணக்கு ஆகும் என்று நாமே வெளியூர்க்காரர்களுக்குப் பெருமையாகச் சொல்கிறோம். அதே விரல் நுணுக்கம் கிரீஸ் படிந்த கையில் இருந்தால் நமக்கு ஏன் தெரிவதில்லை? பேட்டை ஐடிஐயில் சேர்கிறேன் என்று பையன் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறோம், பிறகு நல்ல மெக்கானிக் கிடைக்கவில்லை என்று புலம்புகிறோம். அந்தத் தம்பி தன் மகனை இந்தத் தொழிலுக்கு விடமாட்டேன் என்கிறான். நான் அவனுக்கு என்ன பதில் சொல்ல? அரைக்கூலி கொடுத்தவரும் என் மாணவர்தானே.

கல்யாணத்துக்குத் திறந்த கார் வாடகைக்கு விடலாம் என்று கூரையை அறுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனி சேஸி கிடையாது, கூரையும் சேர்ந்துதான் வண்டியின் பலம். மூடி இல்லாத செருப்புப் பெட்டியை முறுக்கிப் பாருங்கள், புரியும். அப்படி முறுக்குகிற வண்டியில் எந்த ரப்பர் கண்ணாடியைப் பிடித்து நிற்கும்? 2021இல் வந்த மத்திய விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் என்று 'விஏ' வரிசையில் பதியலாம். ஆனால் உடல் கூட்டிலோ சேஸியிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது, வியாபாரத்துக்கும் ஓட்டக் கூடாது. ஹெரால்டுக்காரர்களும் கழற்றிய கூரையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

அந்த மீதி 3,000 ரூபாயை இந்த வாரத்துக்குள் அவன் பட்டறைக்கே போய்க் கொடுக்க வேண்டும். போனில் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வது வேண்டாம். பின் கண்ணாடிச் சிலிக்கானை எடுத்துவிட முடியுமா என்றும் அப்படியே அவனிடம் கேளுங்கள். கூலியை வேலை தொடங்கும் முன் பேசிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து ரப்பர் வாங்கி வருகிற பிள்ளைகள் அதைப் பெட்டிக்குள் மடித்துத் திணிக்காமல் வட்டமாகச் சுருட்டிக் கொண்டுவாருங்கள். மடித்த இடத்தில் தடம் விழுந்துவிட்டால் வெயிலில் காயவைத்தாலும் லேசில் நிமிராது.