ஒரு முழத் துணியும் ஒரு பிள்ளையின் தலைமுடியும்



இக்கட்டுரையை என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்க வேண்டியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் ஆண்டில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி நாள்தோறும் கலைந்த தலையோடுதான் பள்ளிக்கு வருவாள். நாசி லெமாக் பொட்டலத்தைக் கட்டும் ரப்பர் வளையமே அவள் சடைக்குக் கட்டு. ஒருநாள் சபைக்கூடலில், அத்தனை மாணவர்கள் முன்னிலையிலும், "அம்மாவிடம் சொல்லி ஒழுங்காகச் சடை பின்னிக்கொண்டு வரக்கூடாதா?" என்று கடிந்துகொண்டேன். அவள் தலைகுனிந்து நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் அவளை அழைத்துப் போக வந்த தந்தை, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "டீச்சர், பிள்ளையோட அம்மாவுக்கு ஃபேக்டரியில நைட் ஷிஃப்டு. காலையில நான்தான் தலை வாரி விடறேன். எனக்கு அவ்வளவுதான் வருது டீச்சர்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தத் தந்தை விடியற்காலையில் எழுந்து செய்த வேலையைத்தான் நான் எல்லார் முன்னிலையிலும் குறை கூறியிருந்தேன். மறுநாள் அவளை அருகில் அமர்த்தி அந்த ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். வளையத்தோடு நாலைந்து முடிகளும் அறுந்து வந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆண்டு முழுவதும் தினமும் இந்த வலியைப் பொறுத்துக்கொண்டுதான் அவள் வகுப்பில் அமர்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அன்றிலிருந்து என் மனத்தில் இருந்துவரும் கருத்து இதுதான்: நம் தமிழ்ப்பள்ளிகளில் சிறுமியரின் தலைமுடிக்கான கட்டு, நாடா, குஞ்சலம் ஆகியவற்றைக் கையாலேயே செய்யக் கற்றுத்தர வேண்டும். பெற்றோரையும் அதில் அமர்த்த வேண்டும். இதனைச் 'சும்மா பொழுதுபோக்கு' என்று ஒதுக்குவோர் இக்கட்டுரையை இறுதிவரை படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

தோட்டத்தில் தலை வாரிய கைகள்

நான் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பொழுது விடியுமுன்பே அம்மா பிரட்டுக்குப் போய்விடுவார். பால்மரம் வெட்டும் வேலை வெயிலுக்குக் காத்திராது. ஆகையால் எங்களுக்குத் தலை வாரிவிட்டது பாட்டியும் பெரியக்காளும்தாம். லயத்து வாசலில் வரிசையாக அமர்வோம். எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, இரட்டைச் சடை பின்னி, மடித்துக் கட்டிவிடுவார்கள். நாடா வாங்கக் காசில்லாத மாதங்களில், பாவாடை தைத்தபோது மிஞ்சிய துணியைக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்து நாடாவாக்குவார் பாட்டி. தீபாவளிக்குக் கறுப்பு நூலில் குஞ்சலம் கட்டித் தருவார். அந்தக் குஞ்சலம் முதுகில் ஆடும்போது எனக்கு இருந்த பெருமிதத்தைப் பிற்காலத்தில் எந்தக் கடைப்பொருளும் தந்ததில்லை.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தனர். பாட்டி ஓர் ஊரில், பிள்ளை ஓர் ஊரில். தாய் இரவு வேலையில், தந்தை பகல் வேலையில். தலை வாரிவிடும் கைகள் குறைந்த வீட்டில், கைக்கு எட்டிய ரப்பர் வளையம் சடையில் ஏறிவிட்டது. இதில் பெற்றோரைக் குறை கூற ஒன்றுமில்லை.

ஆனால் இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1877ஆம் ஆண்டில் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள், இந்நாட்டின் முதல் ரப்பர் மரங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அந்நகரில் நிற்கின்றது. ரப்பர் வளையமோ அதற்கும் முந்தியது. 1845ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஸ்டீபன் பெர்ரி என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். காகிதங்களையும் கடித உறைகளையும் சேர்த்துக் கட்டவே அது பிறந்தது. காகிதம் கட்ட வந்த பொருளை, பால்மரம் வெட்டியவர்களின் பேத்திகள் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

வெறும் ரப்பர் ஏன் கூடாது?

வெறும் ரப்பர் முடியைப் பற்றிக்கொள்ளும், வழுக்கி வராது. கழற்றும்போது முடி அறுகின்றது. சடையை நெற்றியோரம் இழுபடும்படி இறுக்கிக் கட்டினால் தொல்லை இன்னும் கூடும். நெடுநாள் இழுபடுவதால் முடி உதிர்வதும், கவனியாமல் விட்டால் வேர்க்கால் சேதமுற்று அவ்விடத்தில் மீண்டும் முளைக்காமற்போவதும் மருத்துவர்கள் அறிந்த உண்மை. இறுக்கம் இன்றிப் பின்னுவதும், ரப்பருக்கும் முடிக்கும் நடுவே துணி இருப்பதும் எளிய காப்புகள்.

துணியால் மூடிய இந்த முடிக்கட்டைக் கடைகளில் 'ஸ்கிரஞ்சி' என்கிறார்கள். இதன் கதையும் நமக்குப் பாடமே. அமெரிக்கப் பாடகியான ரோமி ரெவ்சன், தம் தலைமுடி பழுதுபட்டிருந்த காலத்தில், முடியை வதைக்காத கட்டு ஒன்றைத் தேடினார். இடுப்பில் எலாஸ்டிக் கோத்த காற்சட்டையைக் கண்டு, அதே முறையில் துணிக்குள் எலாஸ்டிக்கை நுழைத்துப் பார்த்தார். பழைய தையல் இயந்திரம் ஒன்றை வாங்கி 1986ஆம் ஆண்டில் முதல் மாதிரியைத் தைத்தார். 1987இல் காப்புரிமையும் பெற்றார். அவர் தையலில் தேர்ந்தவர் அல்லர். தமக்கு வேண்டியதைத் தாமே செய்து பார்த்தவர். உலகமெங்கும் விற்கும் பொருள் ஒன்று இப்படித்தான் தொடங்கியது.

செய்வது எப்படி?

புதுத் துணி வாங்க வேண்டியதில்லை. பல பள்ளிகளில் மாணவியர் கறுப்பு, கருநீலம், வெள்ளை ஆகிய நிறங்களில் மட்டுமே தலைக்கட்டு அணிய அனுமதிக்கின்றனர். நம் பிள்ளைகளின் சீருடையான பினபோர் கருநீலம் அல்லவா? வளர்ந்த பிள்ளைக்குச் சிறுத்துப்போன பினபோரை வெட்டினால், பள்ளி விதிக்குப் பொருந்திய முடிக்கட்டுகள் பல கிடைக்கும்.

1. 50 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட துணியை வெட்டவும். ஏறத்தாழ ஒரு முழம்தான்!
2. நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு நீளவாக்கில் மடித்து, ஓரத்தை நெருக்கமாகத் தைக்கவும். பிறகு குழாயை வெளிப்புறமாகத் திருப்பவும்.
3. 20 செ.மீ. எலாஸ்டிக்கின் ஒரு முனையில் ஊக்கு மாட்டி, துணிக்குழாயின் வழியே கோக்கவும். மறுமுனை உள்ளே போய்விடாமல் பிடித்துக்கொள்ளவும்.
4. எலாஸ்டிக்கின் இரு முனைகளையும் சேர்த்து உறுதியாகத் தைக்கவும். பிறகு துணியின் இரு வாய்களையும் ஒன்றினுள் ஒன்று செருகித் தைத்து மூடவும்.

முடி மெல்லியதாக உள்ள சிறுமிக்கு 40 செ.மீ. துணியும் 16 செ.மீ. எலாஸ்டிக்கும் போதும்.

குஞ்சலம் இதனினும் எளிது. 8 செ.மீ. உயரமுள்ள அட்டையில் கம்பளி நூலை 40 சுற்றுச் சுற்றி, மேற்பக்கத்தைக் கயிற்றால் முடிந்து, கீழ்ப்பக்கத்தை வெட்டிவிட்டு, கழுத்துப் பகுதியில் நூலை இறுகச் சுற்றினால் ஒரு குஞ்சலம். மூன்றினை ஒரு கயிற்றில் சேர்த்தால் சடைநுனிக்கு ஆகிவிடும். பள்ளியில் பொங்கல் விழாவுக்குப் பாவாடை சட்டையோடு அணிய ஏற்றது.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட தங்கை தம்பி உள்ள வீட்டில் மணியோ பொத்தானோ ஒட்டிய பொருள் வேண்டாம், பிய்த்து விழுங்கிவிடக்கூடும். சூட்டுப் பசைத் துப்பாக்கியைப் பெரியவர்களே கையாள வேண்டும். பேன் பரவாதிருக்க, ஒருவர் கட்டை மற்றவர் அணியலாகாது. உறங்கும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

இது எந்தப் பாடத்தில் அடங்கும்?

ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். 50க்கு 20 என்பதும் 40க்கு 16 என்பதும் ஒரே விகிதம்: 5க்கு 2. கரும்பலகையில் விகிதத்தைப் புரிந்துகொள்ளாத மாணவன், எலாஸ்டிக்கை அளந்து வெட்டும்போது புரிந்துகொள்வதை நான் கண்டிருக்கிறேன். ஆம், மாணவன் என்றுதான் சொன்னேன். ஆண்பிள்ளைகளும் ஊசியில் நூல் கோக்கக் கற்க வேண்டும். நாளை அவர்களும் தந்தையராகி மகளுக்குத் தலை வார வேண்டி வரலாம் அன்றோ?

காட்சிக்கலைக் கல்வியில் மரபுக் கைவினையை அறிதல் என்பது ஒரு துறை. நம் மாநிலத்துச் சாயோங்கின் மண்குடத்தையும், கோலகங்சாரின் தெக்காட் எனும் பொன்னிழைப் பூவேலையையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அவை நாம் வாழும் மண்ணின் செல்வம். அவற்றோடு சேர்த்து, கூந்தலை ஐவகையாக முடித்ததால் 'ஐம்பால்' என்று பெயரிட்ட மொழி தம்முடையது என்பதையும் அறியட்டுமே! உச்சியின் பின்புறத்தில் ராக்கொடி, பின்னல் நெடுகச் சடைநாகம், நுனியில் குஞ்சலம் என்று நாட்டியமணி ஒருத்தியின் பின்னலில் எத்தனை தமிழ்ச் சொற்கள் தொங்குகின்றன! நாகர்கோவிலின் வடசேரியில் இத்தகைய கோயில் நகைகளைக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். என் வகுப்பில் 'குஞ்சலம்' என்ற சொல்லை ஒருவருமே அறிந்திருக்கவில்லை. அதைச் செய்து முடித்த பின் ஒருவருமே மறக்கவில்லை. ஒரு பொருள் வீட்டைவிட்டுப் போனால் அதன் பெயரும் உடன் போய்விடுகின்றது.

மறுப்புகள் சில

"கடையில் ஒரு பொட்டலம் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறதே, எதற்கு இந்த வேலை?" என்பர். உண்மைதான், மலிவாகவே கிடைக்கிறது. அவற்றுள் பல விரைவில் இளகிப்போய்க் குப்பைக்கும் செல்கின்றன. பழைய சீருடையில் செய்தது இளகினால், தையலைப் பிரித்து எலாஸ்டிக்கை மட்டும் மாற்றலாம். பழுது பார்க்கக் கற்பதும் கல்விதானே.

"தேர்வுக்கே நேரம் போதவில்லை" என்பர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டுவிட்டது. செய்து காட்டுவதை வகுப்பறை மதிப்பீட்டில் கணக்கில் கொள்ள வழி இருக்கும்போது, பழைய அச்சத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

"இதை விற்றுப் பணம் பண்ணலாமா?" என்று சில தாய்மார் கேட்கின்றனர். பொய்யான நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை. கடை விலையோடு போட்டியிட்டால் கைக்கூலிகூடத் தேறாது. பண்டிகைக்கும் நாட்டிய விழாவுக்கும் கேட்டவர் விருப்பப்படி செய்து தந்தால் ஓரளவு வருவாய் உண்டு. வீட்டு அடுப்படியில் தொடங்கிய கச்சான் பூத்தே தொழிலால் புந்தோங்கின் பெயர் நாடெங்கும் பரவியதை நாம் அறிவோம். தரமும் விடாமுயற்சியும் சேர்ந்ததால்தான் அது நிலைத்தது; ஒரே நாளில் நடந்ததன்று.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதனை வீட்டுப்பாடமாகக் கொடுத்து அனுப்பாதீர்கள். அப்படிக் கொடுத்தால் வேலை முடிந்து களைத்து வந்த தாய், நள்ளிரவில் அமர்ந்து தைப்பார், பிள்ளை உறங்கிவிடும், மறுநாள் நாம் தாயின் கைவேலைக்குப் பிள்ளைக்குப் புள்ளி போடுவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு ஒரு சனிக்கிழமைக் காலை போதும். ஊசி, நூல், எலாஸ்டிக் ஆகியவற்றைப் பள்ளி தரட்டும். பழைய துணியை வீட்டார் கொண்டு வரட்டும். பாட்டிமார் இருந்தால் கட்டாயம் அழையுங்கள். அன்று அவர்களே ஆசிரியர்கள்.

நாங்கள் அப்படி ஒரு சனிக்கிழமை கூடினோம். நான் கடிந்துகொண்ட மாணவியின் தந்தையும் வந்திருந்தார். வந்திருந்த ஆண்கள் இருவரே. அவர் கூச்சத்தோடு கடைசி மேசையில் அமர்ந்தார். ஒரு பாட்டி அவர் கையைப் பிடித்துத் தையல் போடக் காட்டிக் கொடுத்தார். மகளுக்கு எலாஸ்டிக் அளக்கும் வேலை. அன்று நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், இந்த முடிச்சு சரியா வருதான்னு பாருங்க" என்றார்.

திங்கட்கிழமை அவள் கருநீல முடிக்கட்டோடு வந்தாள். தையல் கோணல்மாணலாகத்தான் இருந்தது. புதன்கிழமை பிரிந்தும் போயிற்று. வியாழக்கிழமை மீண்டும் தைத்து அணிந்து வந்தாள். "இந்தத் தடவை நான் தைச்சேன் டீச்சர்" என்றாள்.

ஆசிரியர்களே, நாளை கலைந்த தலையோடு ஒரு பிள்ளை உங்கள் வகுப்புக்குள் நுழைந்தால், அந்தத் தலையை வாரிய கை யாருடையது என்று முதலில் கேளுங்கள். பெற்றோர்களே, வீட்டில் சிறுத்துப்போன சீருடை இருந்தால் வீசிவிடாதீர்கள். ஒரு முழம் வெட்டி வையுங்கள்.