பின்னிருக்கையில் அமர்பவர் யார்?

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மகிழுந்துப் பட்டறைகளில் உட்கார இடம் கிடைப்பது அரிது. சொந்த ஊருக்குப் புறப்படும் முன் எண்ணெய் மாற்றவும், பிரேக்கைச் சோதிக்கவும் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். ஆண்டுதோறும் நானும் அந்த வரிசையில் காத்திருப்பேன். அங்கே பேச்சு எங்குத் தொடங்கினாலும் ‘நல்ல மகிழுந்து எது?’ என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும்.

“என் வண்டிக்கு இருபது வயது. ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. அதுதான் நல்ல வண்டி,” என்பார் பணி ஓய்வுபெற்ற பெரியவர். “எங்கள் வீட்டில் ஏழு பேர் ஐயா. எல்லாரும் ஏற வேண்டும், பலகார டின்களுக்கும் இடம் வேண்டும்,” என்பார் மூன்று பிள்ளைகளின் தாய். “ஆறு காற்றுப் பைகள், ஐந்து நட்சத்திரத் தரம். இனி என்ன பயம்?” என்பார் புது வண்டி வாங்கிய இளைஞர்.

மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால், மூன்றும் பாதி உண்மைகளே என்பது என் கருத்து. நல்ல மகிழுந்தின் ஒரு பாதியைத் தொழிற்சாலை செய்து தருகிறது. மறுபாதி அதில் ஏறி அமரும் நம் கையில் உள்ளது.

முதலில் பெரியவரின் கருத்தைப் பார்ப்போம். நம்பகமான வண்டி நிற்காமல் ஓடினால் மட்டும் போதாது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கவும் வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு மகிழுந்து ஒரு விநாடியில் ஏறத்தாழ 30 மீட்டர் கடந்துவிடுகிறது. அதைச் சாலையோடு பிணைப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். டயரின் பள்ளங்கள் தேய்ந்துவிட்டால் மழைநீரை வெளியேற்ற முடியாது. வண்டி நீரின்மேல் வழுக்கும். எஞ்சின் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அப்போது அது உதவாது.

அடுத்து, அந்தத் தாயின் கருத்து. குடும்பத்திற்கு ஏற்ற வண்டி வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. ஆனால், ‘எத்தனை பேர் அமரலாம்?’ என்று கேட்பதைவிட, ‘எத்தனை பாதுகாப்பு வார்கள் உள்ளன?’ என்று எண்ணிப் பார்ப்பதே சரியான கணக்கு. ஐந்து வார்கள் உள்ள வண்டியில் ஏழாவதாக நெருக்கி உட்காருபவருக்கு இடம் இருக்கலாம்; பாதுகாப்பு இல்லை.

இளைஞரின் கருத்துதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. மோதல் சோதனையில் மகிழுந்துக்குள் மனித உருவப் பொம்மைகளை அமர்த்துவார்கள். அந்தப் பொம்மைகள் பாதுகாப்பு வார் அணிந்தே அமர்ந்திருக்கும். காற்றுப் பைகளும் வார் அணிந்தவரைக் காப்பதற்காகவே வடிவமைக்கப்படுகின்றன. அப்படியானால், வார் அணியாமல் அமர்பவருக்கு அந்த ஐந்து நட்சத்திரங்களால் என்ன பயன்?

இங்கே என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஈப்போவுக்குப் புறப்பட்ட ஓர் அதிகாலையில், “அப்பா, பாதுகாப்பு வாரை எங்கே மாட்டுவது?” என்று என் மகள் பின்னிருக்கையிலிருந்து கேட்டாள். தேடிப் பார்த்தேன். வாரை மாட்டும் பகுதி இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடந்தது. வண்டி அழகாக இருக்க வேண்டும் என்று அந்த உறையை மாட்டியவன் நான்தான். எண்ணெய், பிரேக், டயர் என எல்லாவற்றையும் சரிபார்த்த நான், என் பிள்ளை அமரும் இடத்தைப் பார்க்கவே இல்லை.

நம் நாட்டில் முன்னிருக்கையில் வார் அணிவது 1979-இல் கட்டாயமாக்கப்பட்டது. பின்னிருக்கைக்கான சட்டம் 2009 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. ஆயினும், முன்னால் அமர்பவர் கை தானாக வாரைத் தேடுவதுபோல் பின்னால் அமர்பவர் கை தேடுவதில்லை.

“பின்னால்தானே இருக்கிறோம், முன்னிருக்கை தடுத்துக்கொள்ளும்,” என்பர் சிலர். அறிவியல் வேறு விதமாகச் சொல்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி நின்றாலும், வார் அணியாதவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். அந்த வேகம், ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகத்திற்குச் சமம். அவர் தமக்கு மட்டுமன்றி, முன்னால் அமர்ந்திருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ ஆபத்தாகிவிடுகிறார்.

“பக்கத்துக் கடைக்குத்தானே போகிறோம்,” என்பது மற்றொரு சமாதானம். 50 கிலோமீட்டர் வேகம் நெடுஞ்சாலைக்கு மட்டும் உரியதன்று. கடைக்குப் போகும் சாலையிலும் வண்டிகள் அந்த வேகத்தில்தான் ஓடுகின்றன. “வார் கழுத்தை உறுத்துகிறது,” என்று பாட்டி குறைப்பட்டால் அதில் நியாயம் இருக்கலாம். அதற்குத் தீர்வு வாரைக் கழற்றுவதன்று. அது தோளின் நடுவிலும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் படியுமாறு நாம் சரிசெய்து கொடுக்கலாம்.

மாணவர்களே, உங்களிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. எந்த மகிழுந்தை வாங்குவது என்ற முடிவும் உங்கள் கையில் இல்லை. ஆனால், பின்னிருக்கை உங்களுடையது. அங்கே உங்களோடு தம்பியும் தங்கையும் தாத்தாவும் பாட்டியும் அமர்கிறார்கள். அடுத்த முறை வண்டி நகரும் முன், “அப்பா, கொஞ்சம் பொறுங்கள். தாத்தா இன்னும் வார் அணியவில்லை,” என்று பணிவாகச் சொல்லுங்கள். சில விநாடிகள்தான் தாமதமாகும். அன்று என் மகள் கேட்ட கேள்வியால் எங்கள் பயணம் பத்து நிமிடம் தாமதமானது. இருக்கை உறையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஈப்போவுக்குப் புறப்பட்டோம்.