உளவாளி வச்ச புள்ளி... உங்க பைக்கைக் காப்பாத்துமா?

திருடு போன பைக் எங்கே போகும்? சில வண்டிகள் நம்பர் பிளேட் மாறி வேறு ஊரில் ஓடும். சில வண்டிகள் ஒரே ராத்திரியில் இன்ஜின் தனி, டேங்க் தனி, வீல் தனி எனப் பிரிந்துவிடும். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம்தான். ஆனால், வண்டியையே பிரித்து விற்றுவிட்டால் பிளேட்டை வச்சு என்ன பண்றது?

இதற்கு ஒரு பதிலாகத்தான், 2019 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 'மைக்ரோடாட்' பற்றிய வரைவு அறிவிப்பை வெளியிட்டது. மணல் துகள் அளவுள்ள புள்ளிகள். ஒவ்வொன்றிலும் அந்த வண்டிக்கு மட்டுமே உரிய எண் லேசரில் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றைப் பசையில் கலந்து இன்ஜின், சேஸிஸ் எனப் பல பாகங்களில் ஸ்பிரே செய்வார்கள். புற ஊதா விளக்கு அடித்தால் பசை ஒளிரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எண் தெரியும்.

உளவாளிகளின் சொத்து

இந்த ஐடியா புதுசு இல்லை. 1925-லேயே, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த இமானுவேல் கோல்ட்பர்க், ஒரு பக்க எழுத்தைப் புகைப்படமாக எடுத்து புள்ளி அளவுக்குச் சுருக்கிக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் உளவுத்துறை இந்த வித்தையை நன்றாகவே பயன்படுத்தியது. சாதாரணக் கடிதத்தில் முற்றுப்புள்ளி இருக்கும் இடத்தில் ரகசியப் புள்ளியை ஒட்டினால் போதும்; யாருக்குச் சந்தேகம் வரும்?

1941 ஆகஸ்ட்டில் டுஸ்கோ போபோவ் என்ற இரட்டை உளவாளி, இப்படிப்பட்ட புள்ளிகளோடு அமெரிக்கா போனார். ஜெர்மனி கொடுத்த கேள்விப் பட்டியல் அதற்குள் இருந்தது. பேர்ல் ஹார்பர் பற்றிய கேள்விகளும் அதில் உண்டு. எஃப்.பி.ஐ கைக்கு அது கிடைத்தது. நான்கே மாதத்தில் பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசியது. அந்தக் கேள்விகளுக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்திருக்க வேண்டும் என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள்.

புள்ளியைப் படிச்சுட்டா மட்டும் போதாது. அதை வச்சு என்ன செய்யறோம் என்பதுதான் விஷயம். நம்ம பைக்குக்கும் இதே கணக்குதான்.

திருடனுக்குத் தெரியணும்

உளவாளியின் புள்ளி யார் கண்ணிலும் படக் கூடாது. வண்டியில் இருக்கும் புள்ளி அப்படியில்லை. அது இருக்கிறது என்று திருடனுக்குத் தெரிந்தால்தான் பயப்படுவான். ஆயிரக்கணக்கான புள்ளிகளில் அத்தனையையும் அவன் சுரண்டி எடுக்க வேண்டும். போலீஸுக்கோ ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும்.

தென்னாப்பிரிக்காவில் 2012 செப்டம்பர் முதல், புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்கு மைக்ரோடாட் கட்டாயம். அங்கே வாகனத் திருட்டு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. காரணம், புள்ளி பூட்டு கிடையாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதை அது தடுக்காது. திருடிய பொருளை விற்பதைத்தான் கஷ்டமாக்கும். அதுவும் யாராவது தேடிப் பார்த்தால் மட்டுமே!

அப்படியென்றால் இங்கே என்ன வேண்டும்? செக்போஸ்ட்டிலும் ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் ஒரு புற ஊதா டார்ச்சும் சின்ன மைக்ரோஸ்கோப்பும் வேண்டும். புள்ளியில் உள்ள எண், 'வாகன்' தளத்தில் இருக்கும் ஆர்.சி விவரத்தோடு பொருந்த வேண்டும். நேர்மையாக இன்ஜின் மாற்றியவர்களின் பதிவும் உடனுக்குடன் திருத்தப்பட வேண்டும். இல்லாவிட்டால், செகண்ட் ஹேண்டில் காசு கொடுத்து வாங்கிய அப்பாவிதான் ஸ்டேஷனில் நிற்பார்.

புள்ளியில் உங்கள் பெயரோ முகவரியோ கிடையாது, எண் மட்டும்தான். பெயர் இருப்பது பதிவேட்டில். அதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதையும் விதியிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் மைக்ரோடாட் போட நினைத்தால் கடைக்காரரிடம் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: "இந்த நம்பர் எங்கே பதிவாகும், போலீஸ் எப்படிப் பார்ப்பாங்க?" இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், அந்தக் காசுக்கு நல்ல பூட்டாக ஒன்று வாங்கிப் போடலாம்.