நமக்கு வேண்டியது தருமமா? தொழில் வித்தையா?

செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடையிலுள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் ஒன்று இருக்கின்றது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதை உண்டாக்கியதாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் அரசன் பெருமை பேசிக் கொள்ளுகின்றான். கட்டடத்தில் உலோகம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கருங்கல்லைக் குடைந்த உளி எதனால் ஆனது? அதை அடித்துத் தீட்டிக் கொடுத்த கொல்லன் யார்? கல்லின் ஓட்டம் பார்த்துக் கொத்தியவன் யார்? அக்கல்வெட்டில் அவர்களில் ஒருவர் பேரும் இல்லை. பேர் அரசனுக்கு, கோயில் கடவுளுக்கு, வேலை மாத்திரம் தொழிலாளிக்கு! அந்த வேலையின் வித்தையாவது ஊருக்குப் பொதுவாயிற்றா என்றால், அதுவும் இல்லை. நம் நாட்டில் தொழில் வித்தை வெகு காலம் ஜாதிச் சுவருக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது.

இந்தப் பழங்கதையை இப்பொழுது எதற்காகக் கிளப்புகின்றோம் என்றால், "ஏழை நாடுகளில் விஞ்ஞானத் தொழில் பெருக உதவி செய்கின்றோம்" என்று சொல்லும் சர்வதேச ஸ்தாபனங்கள் இன்று உலகில் பல இருக்கின்றன. 1979-இல் வியன்னாவில் அய்க்கிய நாட்டுச் சபை இதற்கென்றே ஒரு பெரிய மகாநாடு கூட்டிற்று. 25 கோடி டாலரில் ஒரு நிதி சேர்ப்பதென்று பேச்சும் ஆயிற்று. பணக்கார நாடுகளிடமிருந்து வந்ததோ அதில் சிறு பகுதிதான். ஆகவே மகாநாட்டுத் தீர்மானங்களைக் கண்டு நாம் மயங்கத் தேவையில்லை. அதற்காக, வெளிநாட்டான் கொடுப்பதெல்லாம் விஷம் என்று சொல்லுவதும் அறிவுடைமை ஆகாது. செஞ்சிக் கமிட்டிக்கு வண்டி வண்டியாக வருகின்ற மணிலாக் கொட்டை தென் அமெரிக்காவில் பிறந்ததுதான். அதன் ஊரையும் ஜாதியையும் கேட்டுவிட்டா நாம் விதைத்தோம்?

உதவி எதுவானாலும் அதனிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே. கொடுத்தவன் ஊருக்குப் போன பிறகும் பட்டறை நடக்கின்றதா? அந்தப் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்பவர் யார்? இந்த இரண்டிற்கும் நம் நாட்டிலேயே ஒரு நல்ல விடை இருக்கின்றது.

கண்ணில் புரை விழுந்தால் நம் பாட்டன்மார் அதை முன் ஜென்மப் பாவம் என்றார்கள். உண்மையில் கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் புரதம் திரண்டு கலங்கிப் போவதுதான் புரை. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தால் பார்வை வந்துவிடும். யுத்தத்தில் ஆகாய விமானத்தின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சில்லு கண்ணில் பாய்ந்த விமானிகளுக்கு, அது உள்ளேயே இருந்தும் கண் கெடவில்லை என்பதைக் கவனித்தார் ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கில வைத்தியர். 1949-இல் அதே பிளாஸ்டிக்கில் வில்லை செய்து லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். மந்திரமில்லை, நேர்த்திக் கடனில்லை; கவனிப்பும் சோதனையுமே செய்த வேலை.

ஆனால் அந்த வில்லை நம் ஏழைக்கு எட்டவில்லை. 1980-களில் ஒன்று சுமார் 100 டாலர் விற்றது. சர்வதேச உதவி வட்டாரங்களிலேயே பலர், "ஏழை நாட்டானுக்கு வில்லை எதற்கு? புரையை எடுத்துவிட்டுத் தடித்த மூக்குக் கண்ணாடி கொடுத்தால் போதும்" என்றார்கள். பணக்காரன் கண் வேறு, ஏழை கண் வேறா என்று நாம் கேட்கின்றோம்.

மதுரையில் 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அந்தப் பேச்சை ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் அமெரிக்கக் கம்பெனிகள் தருமமாகக் கொடுத்த வில்லைகளை வாங்கி வைத்தார்கள். தருமம் கொடுப்பவன் கை மூடினால் ஏழையின் கண்ணும் மூடிப் போகுமே! ஆதலால் நாமே செய்தால் என்ன என்ற யோசனை பிறந்தது. சேவா பவுண்டேஷன் என்னும் அமெரிக்க ஸ்தாபனமும் அதைச் சேர்ந்த டேவிட் கிரீன் என்பவரும் செய்முறையைத் தேடிக் கொண்டுவர உதவினார்கள். 1992-இல் மதுரையில் அரோலேப் தொழிற்சாலை ஏற்பட்டது. 100 டாலர் வில்லை சுமார் 10 டாலருக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே இறங்கிற்று. இன்று அவ்வில்லைகள் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. தொழிற்சாலை தருமத்தால் அல்ல, தன் விற்பனையால் நடக்கின்றது. முதற் கேள்விக்கு விடை இது.

இரண்டாவது கேள்விக்கு விடை இதைவிட மேலானது. அங்கே தூசி புகாத அறைகளில் உட்கார்ந்து வில்லை செய்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். "பெண்ணுக்கு யந்திரம் எதற்கு?" என்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள், ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கும் பிசகக்கூடாத வேலையைச் செய்கின்றார்கள். அறிவு எந்தக் கோத்திரத்தில் பிறந்தது என்று அந்த வில்லையைக் கேட்டால் அது சொல்லுமா?

"அந்த டாக்டர் அரவிந்தரின் பக்தர் அல்லவா?" என்று சிலர் நம்மைக் கேட்கக்கூடும். ஆம், பக்தர்தான். ஆனால் வில்லையைச் செய்தது பக்தி அல்ல. அளவும் சோதனையும் சுத்தமுந்தான். நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

நிற்க, இப்படிப்பட்ட உதவி நம் பக்கத்துக் கிராமங்களுக்கு ஏன் எட்டுவதில்லை? 1986-இல் திருச்சி வட்டாரப் பொறியியல் கல்லூரியில் விஞ்ஞானத் தொழில் தொடங்குவோருக்கென்று ஒரு பூங்கா ஏற்பட்டது. அதைப் போன்ற இடங்கள் இப்பொழுது பல ஊர்களில் உண்டு. ஆனால் விண்ணப்பம் பெரும்பாலும் இங்கிலீஷில். யோசனையைச் சொல்லுவதும் இங்கிலீஷில். பாங்கிக்குப் போனாலோ, கையிலுள்ள வித்தையைக் கேட்பதற்கு முன் ஜாமீனுக்கு நிலம் உண்டா என்று கேட்கின்றார்கள். மணிலா உடைக்கும் யந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மண்டகப்பட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷும் இல்லை, நிலமும் இல்லை. பழைய நாளில் ஜாதி செய்த வேலையை இன்று பாஷையும் சொத்தும் செய்கின்றன என்பதே நமது குற்றச்சாட்டு.

ஆகவே உதவி செய்ய வருகின்ற வெளிநாட்டாருக்கும் நம் சர்க்காருக்கும் நாம் சொல்லுவது இதுதான். சாமானைக் கொடுக்காதீர்கள், அதைச் செய்யும் வித்தையைக் கொடுங்கள். தமிழில் கேட்டுத் தமிழில் சொல்லுங்கள். நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் முதல் இடம் கொடுங்கள். தோழர்களாகிய உங்களுக்கும் ஒன்று. தேருக்கும் திருவிழாவுக்கும் வசூலிக்கின்ற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளையாவது, அதிலும் ஒன்று பெண்ணாக, தொழிற்பயிற்சி நிலையத்திற்கு அனுப்புங்கள். பிறர் வந்து கண் திறப்பார்கள் என்று காத்திருப்பதை விட்டு, நாமே வில்லை செய்யக் கற்போம்.