எத்தனை மீட்டரிலிருந்து?

காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இந்தக் கணக்கு இன்று விவசாயிகளுக்கு மனப்பாடம். கடலையையும் மரவள்ளியையும் ஒரே இரவில் பறிகொடுக்கிறவரிடம் போய் உயிர்நேயம் பேச நமக்கு மனமில்லை. சுடவே கூடாது என்றும் சொல்லவில்லை. காட்டுக்கும் வயலுக்கும் இடையே நாடா பிடித்து அளந்தவர்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறோம்: துப்பாக்கிக்கும் பன்றிக்கும் இடையே எத்தனை மீட்டர்?

இது சில்லறைக் கேள்வியல்ல. விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் ரைஃபிள் குண்டு, போகப்போக வேகம் குறைந்து, 600 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஒரு விநாடி எடுக்கும். அதற்குள் பன்றி ஓர் எட்டு வைத்தால் போதும், நெஞ்சுக்கு வைத்த குறி குடலில் இறங்கும். குடலில் அடிபட்ட பன்றி அங்கேயே விழாது. கரும்புக்குள் புகுந்து மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அல்லது விடியற்காலை மடை திருப்ப வந்தவர் மேல் பாயும். கிட்டத்தில் நின்று சுட்டவர் ரத்தத் தடம் பிடித்துப் போய் முடித்துவைக்கலாம். இருட்டில், தொலைவில் சுட்டவருக்குக் குண்டு பட்டதா இல்லையா என்பதே தெரியாது. தப்பிய குண்டு எந்தக் காவல் குடிசையைத் தேடிப் போகும் என்பதும் தெரியாது.

தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கிகள் வந்துவிட்டன, குறி தப்பாது என்பார்கள். கருவி கொடுக்கும் இந்தத் துணிச்சல்தான் ஆபத்து. அமெரிக்காவில் வேட்டைக்காரர்களே சேர்ந்து 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம்கூட, விலங்கு தன் புலன்களால் ஆபத்தை உணர முடியாத தொலைவிலிருந்து சுடுவது முறையான வேட்டை ஆகாது என்கிறது. பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்களுக்கே அந்தக் கூச்சம் இருக்கிறது. அரசுச் சம்பளத்தில் சுடுகிறவர்களுக்கு வேண்டாமா? 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் வீழ்த்தியபோது, அதன் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிச் சூட்டில் உடைந்திருந்தன. என்றோ எவரோ அரைகுறையாகச் சுட்டதற்கு ஊர் ஊராக உயிர் கொடுத்தார்கள்.

வனத்துறை அதிகாரிகளுக்குத் துப்பாக்கியைத் தூக்க அவசரப்படுவது புதிதல்ல. 2021-இல், ஆட்களைக் கொன்ற டி-23 புலிக்கு முதலில் வேட்டை உத்தரவு போட்டார்கள். உடனே கொல்ல வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, அதே புலி மயக்க ஊசியில் உயிரோடு சிக்கியது. முன்பு முடியாதிருந்தது பிறகு எப்படி முடிந்தது? பன்றிக்காக வெடிமருந்து திணித்து வைத்த அவுட்டுக்காயைக் கடித்து யானைகள் வாய் சிதைந்து செத்தபோது இவர்கள் எங்கே இருந்தார்கள்? 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்குப் போட்ட திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் விழுந்து, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றனவே, அதுவரை அந்தக் கம்பி யார் கண்ணிலும் படவில்லையா? தடுக்க வேண்டிய நாளில் தூங்குவது, விழித்ததும் துப்பாக்கியைத் தேடுவது: இதுவே இவர்கள் வழக்கம்.

சுடுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அதைத் தெரிந்தவர்களைக் கேட்டு இனியாவது வகுக்கட்டும். வரைபடத்தில் மூன்று கோடு போட யாராலும் முடியும்; அடிபட்ட பன்றியைத் தேடிக் கரும்புக்குள் நுழையப் போகிறவர்கள் இவர்கள் அல்லவே.