"கிளட்ச் போச்சு" என்று சொல்லும் முன்...



பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக என்று நம் மதுரைப் பக்கத்திலும் பெண்கள் நிறையப் பேர் கார் ஓட்டுகிறோம். நம் கைக்கு வருவது பெரும்பாலும் வீட்டிலுள்ள பழைய வண்டிதான். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இன் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் அது உழைக்கிற வீடுகள் உண்டு.

பழைய வண்டியில் அடிக்கடி மக்கர் பண்ணுவது கிளட்சும் கியரும். "கிளட்ச் போச்சு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், கியர்பாக்ஸையே இறக்கி ஆயிரக்கணக்கில் பில் போட்டுவிடலாம். கேபிளை முறுக்கினாலே தீர்கிற கோளாறாகவும் அது இருக்கலாம். எந்த வகைக் கோளாறு என்று நாமே பார்த்துச் சொன்னால் நல்லதுதானே?

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பதும் பிரிப்பதும்தான் கிளட்சின் வேலை. பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும். காலை எடுத்தால் சேரும்.

சரியாகச் சேராவிட்டால்: கிரைண்டரில் பெல்ட் தளர்ந்தால் மோட்டார் ஓடும், கல் சுற்றாது அல்லவா? அதே கதைதான். மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி வேகம் எடுக்காது, கருகல் வாடை வரும். சோதிக்க வேண்டுமா? பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஆள் இல்லாத சமதரையில் ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைந்தால் சரி. அணையாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருந்தாலும் வழுக்கும். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறமும் வழுக்கினால் தட்டு தேய்ந்திருக்கலாம், மாற்றத்தான் வேண்டும்.

சரியாகப் பிரியாவிட்டால்: கியர் போடும்போது, முக்கியமாக ரிவர்ஸில், "கர்ர்" என்று சத்தம் வரும். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டினால், கேபிள் தளர்ந்திருக்கலாம் அல்லது இழை பிரிந்திருக்கலாம். அணைத்திருந்தும் முரண்டினால் கியர் ராடு, புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பக்கத்தில் கியர் உள்ள பழைய அம்பாசடர், பத்மினியில் இந்தத் தொல்லை அதிகம். ஏதாவது ஒரு கியர் மட்டும் கரகரத்தால் கோளாறு கியர்பாக்ஸின் உள்ளே.

சத்தமும் சேதி சொல்லும். பெடலை மிதித்தால் மட்டும் கிறீச்சிட்டால் கிளட்ச் பேரிங். மிதித்ததும் சத்தம் நின்றுவிட்டால், கியர்பாக்ஸ் பேரிங்காக இருக்கலாம்.

கிளட்ச் நீடித்து உழைக்க, ஓட்டும்போது பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே இராதீர்கள். மேட்டில் நிற்கும்போது அரைக் கிளட்சில் வண்டியைப் பிடிக்காமல் ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். கொடைக்கானல் மலைப்பாதையில் இது மிகவும் அவசியம். ரிவர்ஸ் போடுமுன் கிளட்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுங்கள்.

பெடல் திடீரென்று தொளதொளவென்று தரையோடு போய்விட்டால் கேபிள் அறுந்திருக்கலாம். பதற வேண்டாம். பிரேக்கை மிதித்துக்கொண்டே கியரை நியூட்ரலுக்கு இழுங்கள். மெல்ல ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். பிள்ளைகளை நடைபாதைப் பக்கமாக இறக்குங்கள். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

மெக்கானிக்கிடம், "அண்ணே, ஏத்தத்துல வழுக்குது" என்றோ, "எஞ்சின் ஓடுறப்ப மட்டும் கியர் விழ மாட்டேங்குது" என்றோ சொல்லுங்கள். விவரம் தெரிந்த அம்மா என்று அவரும் பார்த்துச் செய்வார். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள்.