பட்டாளம் பணம் கொடுத்தது, ஓட்டு மாறவில்லை!

2006-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி இரவு. தாய்லாந்தின் தலைநகரமான பாங்காக்கில் டாங்கிகள் உருண்டு வந்தன. பிரதமர் தக்சின், ஐ.நா. சபைக் கூட்டத்துக்காக நியூயார்க் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் பதவி பறிபோயிற்று!

நகரத்து மக்கள் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டாளத்துக்காரர்களுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். டாங்கிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வடகிழக்கே உள்ள ஈசான் கிராமங்களில் இந்தக் கொண்டாட்டம் இல்லை.

நாட்டு மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஈசானில் வாழ்கிறார்கள். மணல் கலந்த மண். வானத்தை நம்பிய நெல். அறுப்பு முடிந்தால் பாங்காக்குக்குப் போய் டாக்சி ஓட்டுவார்கள். கல், மண் சுமப்பார்கள். நகரத்தார் சிலர் இவர்களை "எருமை" என்று ஏசுவது உண்டு. அந்த நாட்டில் எருமை என்றால் முட்டாள் என்று அர்த்தம். அந்த எருமை உழுத நெல்லைத்தான் நகரமும் தின்றது!

30 பாட் வைத்தியம்

முன்பெல்லாம் பெரிய நோய் வந்தால் ஏழை கடன் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நிலத்தை விற்க வேண்டும். 2001-ல் தக்சின் சர்க்கார் ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக 30 பாட் கொடுத்தால் போதும். கிராமத்துக்கு 10 லட்சம் பாட் கடன் நிதியும் வந்தது.

தக்சின் உத்தமர் அல்ல. 2003-ல் அவர் நடத்திய போதை மருந்து ஒழிப்பு வேட்டையில் 2,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஊழல் வழக்குகளும் உண்டு. ஆனால், போட்ட ஓட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலாகத் திரும்பி வந்ததை ஈசான் கண்டது. பட்டாளம் பறித்தது தக்சினின் நாற்காலியை மட்டுமா? அந்த ஓட்டையும் அல்லவா!

2010-ல் சிவப்புச் சட்டைக்காரர்கள் பாங்காக்கில் கூடினார்கள். "நாங்கள் பண்ணையடிமைகள்" என்று அவர்களே சட்டையில் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கலவரத்தில் 90 பேருக்கு மேல் செத்தார்கள்.

நெல்லுக்குப் பணம்

அடுத்து வந்தது விசித்திரமான கதை. தக்சினின் தங்கை யிங்லக் 2011-ல் பிரதமரானார். ஒரு டன் நெல்லுக்கு 15,000 பாட் தருவதாகச் சொன்னார். சந்தை விலையைவிட மிக அதிகம். கஜானா தாங்கவில்லை. 2014 தொடக்கத்தில் விவசாயிகளுக்குப் பாக்கி நின்றது. அவர்களில் பலர் பாங்காக்குக்கே வந்து மறியல் செய்தார்கள்.

அந்த ஆண்டு மே 22-ல் தளபதி பிரயுத் ஆட்சியைப் பிடித்தார். சில வாரங்களில் நெல் பாக்கியைக் கொடுத்தார்! விவசாயி வாங்கிக்கொண்டான். அவனுடைய சொந்த நெல்லுக்கு உரிய பணம்தானே? நன்றிக்கடன் எங்கிருந்து வரும்?

பாக்கி தீர்ந்ததோடு எல்லாம் தீரவில்லை. "காட்டை மீட்கிறோம்" என்று பட்டாள ஆட்சி கிளம்பியது. காட்டு ஓரத்தில் மரவள்ளி பயிரிட்டவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன.

2016-ல் பட்டாளம் எழுதிய அரசியல் சட்டத்துக்கு மக்கள் சம்மதம் கேட்கப்பட்டது. நாடு "சரி" என்றது. ஈசானில் "வேண்டாம்" என்றவர்களே சற்று அதிகம்.

2019 தேர்தலிலும் ஈசானின் பெரும்பாலான தொகுதிகள் தக்சின் தரப்புக் கட்சிக்கே போயின. ஆனால் பிரயுத்தே மறுபடி பிரதமரானார். பட்டாள ஆட்சி தேர்ந்தெடுத்த 250 மேல்சபை உறுப்பினர்களுக்கும் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு இருந்தது!